காது ஜவ்வில் ஓட்டை: ஸ்கூபா ஆசைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே செய்ய வேண்டியவை

காது ஜவ்வில் ஓட்டையோடு ஸ்கூபா டைவிங் போகலாமா என்று கேட்டால் கூடாது என்பதுதான் பதில், அதில் பேரம் பேச இடமே இல்லை. ஓட்டை தானாக மூடிய பிறகோ ஆபரேஷன் செய்து அடைத்த பிறகோ போகலாமா என்றால் நிறையப் பேருக்கு முடியும், ஆனால் அதற்குச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் எதை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களில் இரண்டு வகை இருப்பீர்கள். அந்தமானின் ஹேவ்லாக் தீவிலோ புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ முதல் டைவில் காது 'டப்' என்று போய் இப்போது அறையில் பஞ்சு வைத்துக்கொண்டு போனைத் துழாவுபவர்கள் ஒரு வகை. சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து அதோடு மறந்துபோய், டைவிங் படிவத்தில் காது பற்றிய கேள்வியைப் பார்த்ததும் நினைவு வந்தவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகை நம் ஊரில் நினைப்பதை விட அதிகம்.

தண்ணீருக்குள் காதில் என்ன நடக்கிறது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பின்னால் டாக்டர் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான் புரியும்.

காது ஜவ்வு, அதாவது செவிப்பறை, சுமார் 9 மில்லிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். அதற்கு உள்பக்கம் காற்று நிறைந்த சின்ன அறை, அதுதான் நடுக்காது. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது, யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். சாதாரண நேரத்தில் அது மூடியே இருக்கும், எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் சட்டென்று திறந்து மூடும். பேருந்து கொடைக்கானல் மலை ஏறும்போது காது அடைத்துத் திறக்கிறதே, அந்த வேலைதான்.

தரைமட்டத்தில் 1 வளிமண்டல அழுத்தம் என்றால் கடலில் 10 மீட்டர் ஆழத்தில் 2. அதாவது நடுக்காதுக் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். அடுத்த மடங்கு மாற்றத்துக்கு 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆகவே காதுக்குக் கடுமையான இடம் மேலே உள்ள அந்த முதல் சில மீட்டர்கள்தான். ஈக்வலைஸ் பண்ணாமல், அதாவது மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதியோ விழுங்கியோ நடுக்காதுக்குக் காற்று அனுப்பாமல், ஒன்றேகால் மீட்டர் போல இறங்கினாலே அந்தக் குழாய் அழுத்தத்தில் இறுக மூடிக்கொள்ளக்கூடும். அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது, மேலே ஏறினால்தான் திறக்கும். அப்படியே வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் ஒன்றரை மீட்டரிலிருந்து ஐந்து மீட்டருக்குள்ளேயே ஜவ்வு கிழியலாம். "நான் பெரிய ஆழமெல்லாம் போகவே இல்லையே" என்று புதியவர்கள் சொல்வதில் ஆச்சரியமே இல்லை, பெரும்பாலான காதுகள் போவது நீச்சல் குள ஆழத்தில்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தமானில் நடக்கும் அறிமுக டைவ்களில் பயிற்சியாளர் பின்னாலிருந்து உங்கள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு தானே இறக்குவார், நீங்கள் மூச்சு விட்டால் போதும். வசதிதான். ஆனால் இறங்கும் வேகம் உங்கள் கையில் இல்லை, உங்கள் காது வலிப்பது அவருக்குத் தெரியாது. உள்ளங்கையைக் கிடைமட்டமாக வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டினால்தான் தெரியும். பலர் கூச்சத்தில் காட்டுவதில்லை. சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறார்கள், அதற்கு அங்கே 'மேலே போகலாம்' என்று பொருள், அவர்கள் சொல்ல வந்ததோ 'நன்றாக இருக்கிறேன்' என்பது. காசு கொடுத்தாயிற்று, வீடியோ எடுக்கிறார்கள், கொஞ்சம் வலிதானே என்று பல்லைக் கடிப்பவர்களுக்குத்தான் முதலில் கிழிகிறது.

"ஓட்டை இருந்தால் நல்லதுதானே, அழுத்தம் தானாகச் சமமாகிவிடுமே"

இந்த வாதத்தைச் சொல்லாத ஆளே இல்லை. பாதி உண்மையும்கூட: ஓட்டைக் காதில் இறங்கும்போது வலி இருக்காது. ஆனால் காற்று போகும் ஓட்டை வழியாகத் தண்ணீரும் போகும். நம் கடல் எவ்வளவு இதமாக இருந்தாலும் 28 டிகிரி சுமாருக்குத்தான் இருக்கும், உடம்பு 37. அந்தக் குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் பாய்ந்ததும் பக்கத்திலேயே இருக்கும் சமநிலை உறுப்பு ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து, மூளைக்கு 'தலை சுற்றுகிறது' என்று தகவல் அனுப்பும். காதில் நீரை விட்டு இந்தத் தலைச்சுற்றை ஆராய்ந்து விளக்கிய ராபர்ட் பாராணிக்கு 1914க்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நோயாளிகளிடம் பார்த்தார். உங்களுக்கு அதுவே பத்து மீட்டர் ஆழத்தில் நடந்தால் எது மேல், எது கீழ் என்று தெரியாது, வாந்தி வரும், பீதி வரும். பீதியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்பவரின் நுரையீரல் கிழிந்து காற்று இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. காது வலியால் யாரும் சாவதில்லை, இந்தச் சங்கிலியால் சாகலாம்.

அடுத்தது தொற்று. கடல்நீர் நடுக்காதுக்குள் போய்த் தங்கினால் சீழ், அந்தச் சீழ் நாள்பட்டால் எலும்பு அரிப்பு. "கடலிலேயே பிழைக்கிறவர்கள் காது போனாலும் இறங்குகிறார்களே" என்று கேட்பீர்கள். தென்கிழக்காசியாவின் பஜாவ் கடலோடிகள் சிறு வயதிலேயே காது ஜவ்வைக் கிழியவிட்டுவிடுவதாகச் சொல்வார்கள், அவர்களில் வயதான பலருக்குக் காது மந்தம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. நமக்கு இரண்டு நாள் சுற்றுலா.

நீருக்குள்ளேயே கிழிந்துவிட்டால்

கூர்மையான வலி, ஒரு வெடிப்பு, உடனே வலி மாயமாகி காதுக்குள் ஜில்லென்று ஏதோ ஓடும் உணர்வு, அதன் பின் உலகமே சுழல்வது. இந்த வரிசையில் வந்தால் கிழிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீந்தாதீர்கள். கயிறு, பாறை, கூட வந்தவரின் தோள் என்று எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பிடித்து அப்படியே நில்லுங்கள். மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காதீர்கள், வாந்தி வந்தால் கையால் அதை வாயோடு அழுத்திப் பிடித்து அதற்குள்ளேயே எடுத்துவிட்டு பட்டனை அமுக்கிச் சுத்தம் செய்துகொள்ளலாம், கேட்க அருவருப்பாக இருந்தாலும் அதுதான் முறை. உள்ளே போன நீர் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் சுழற்சி குறையும், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள். பிறகு குமிழிகள் போகும் திசை பார்த்து, மூச்சை ஒருபோதும் நிறுத்தாமல், மெதுவாக மேலே.

கரைக்கு வந்த முதல் நாள்

செய்யக் கூடாதவை இங்கே அதிகம். மூக்கைப் பிடித்து ஊதி, காற்று 'உஸ்' என்று வெளியே வருகிறதா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஊதலும் கிழிசலின் ஓரத்தைப் பிரிக்கும். பட்ஸ் வேண்டாம். காய்ச்சிய பூண்டு எண்ணெய், வெதுவெதுப்பான நல்லெண்ணெய், பாட்டி சொன்ன துளசிச் சாறு எதுவும் வேண்டவே வேண்டாம், ஓட்டைக் காதில் விட்டால் அது நேரே நடுக்காதுக்குள் போகும். டைவர்கள் காது உலர்வதற்கு விடும் வினிகர், ஸ்பிரிட் கலவையும் அப்படித்தான். மருந்துக்கடையில் "காது வலிக்கு ஏதாவது டிராப்ஸ்" என்று கேட்டு வாங்காதீர்கள், ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் உள்காதைக் கெடுக்கக்கூடியவை. டாக்டர் தேவை என்று கருதினால் சிப்ரோஃபிளாக்சசின் அல்லது ஆஃப்லாக்சசின் மாதிரி பாதுகாப்பானதைத் தருவார். பல காதுகளுக்கு எந்தச் சொட்டுமே தேவைப்படாது, காய்ந்து கிடந்தால் போதும்.

குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவி காது வாசலில் வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு ஊற்றுவதைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால். மாஸ்க்குக்குள் இரத்தம் பார்த்து அலறுபவர்கள் உண்டு, அது பெரும்பாலும் மூக்கு, சைனஸ் வழியாக வருவது. காதிலிருந்து வரும் இரத்தம் கலந்த நீர்தான் ஜவ்வைப் பற்றிச் சொல்வது.

விமானத்தில் ஊர் திரும்பலாமா என்பது எல்லோரும் கேட்பது. வேடிக்கை என்னவென்றால், கிழிந்த காது விமானத்தில் வலிப்பது குறைவு, அழுத்தம் தானாகச் சமமாகிவிடும். கிழியாமல் வீங்கி இரத்தம் கோத்து நிற்கும் காதுதான் பாடாய்ப்படுத்தும். எதற்கும் ஏறும் முன் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். டைவ் முடிந்து விமானம் ஏற ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடும் வழக்கம் காது எப்படி இருந்தாலும் பொருந்தும்.

ஒரு அவசரம் மட்டும் இருக்கிறது. தலைச்சுற்று ஓரிரு நிமிடத்தில் அடங்காமல் மணிக்கணக்கில் நீடிக்கிறது, காதில் புதிதாக விடாத இரைச்சல், ஒரு பக்கம் கேட்பதே திடீரென்று விழுந்துவிட்டது என்றால் அது ஜவ்வோடு நிற்கவில்லை, உள்காதுச் சவ்வும் கிழிந்திருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். உள்காதுச் சேதத்தில் நாட்கள் முக்கியம். மூட்டு வலி, கை கால் மரத்துப்போவது கூடச் சேர்ந்தால் ஏறும்போது உடம்பில் வாயுக் குமிழிகள் உண்டாகும் டைவிங் நோயாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு, ஆகவே எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், வலி இறங்கும்போதா ஏறும்போதா என்று எழுதிக்கொண்டு போங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்பது

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "ஓட்டை இருக்கு" என்று அனுப்பிவிட்டால் போதாது. மைக்ரோஸ்கோப்பிலோ எண்டோஸ்கோப்பிலோ பார்க்கச் சொல்லுங்கள், இப்போது பல இடங்களில் திரையில் நமக்கும் காட்டுகிறார்கள். முத்து நிறத்தில் பளபளக்க வேண்டிய ஜவ்வில், அவரை விதை வடிவத்தில் ஒரு கறுப்பு இடைவெளி, ஓரங்களில் காய்ந்த இரத்தம். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த வாரமே டைவ் போகலாமா என்று கேட்பதில்லை.

மூன்று விஷயங்களைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஓட்டை எந்த இடம், எவ்வளவு பெரிது. நடுவில் இருக்கும் ஓட்டை பரவாயில்லை ரகம், ஓரத்திலோ மேற்பகுதியிலோ இருந்தால் தோல் உள்ளே வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், அது டைவிங்கை விடப் பெரிய பிரச்சினை. இரண்டாவது, ஆடியோகிராம். இன்றைய கேட்புத் திறன் காகிதத்தில் இருந்தால்தான் ஆறு மாதம் கழித்து ஒப்பிட முடியும், ஓட்டையால் குறைந்ததா, நரம்பால் குறைந்ததா என்பதும் அதில் தெரியும். மூன்றாவது, மறு காது எப்படி இருக்கிறது. வலது காதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது இடது காதும் உள்ளே இழுத்துக்கொண்டிருப்பது சில சமயம் அங்கேதான் தெரியவரும்.

புதுக் கிழிசல் என்றால் பெரும்பாலும் டாக்டர் "காத்திருப்போம்" என்பார். அலட்சியம் என்று நினைத்து அடுத்த கிளினிக்குக்கு ஓடாதீர்கள். அடிபட்டுக் கிழிந்த ஜவ்வுகளில் பெரும்பான்மை சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாக மூடிவிடும், ஈரம் படாமல் தொற்று இல்லாமல் வைத்திருந்தால். மூன்று மாதம் தாண்டியும் திறந்திருக்கிறது, அல்லது குழந்தைப் பருவத்திலிருந்தே இருக்கும் பழைய ஓட்டை என்றால்தான் ஆபரேஷன் பேச்சு வரும். தானாக மூடிய ஜவ்வில் ஒரு சிக்கல் உண்டு. இயற்கையான ஜவ்வுக்கு மூன்று அடுக்கு, ஆறிய இடத்தில் பல நேரம் நடு நார் அடுக்கு இல்லாமல் மெல்லிசாகவே மூடும். மூடியாச்சு என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல், அந்த இடம் அழுத்தம் தாங்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

ஏன் கிழிந்தது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து மறுபடியும் கிழித்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல விடுவார்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். ஓட்டையை அடைக்க நல்ல சர்ஜன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குழாய் திறக்கவில்லை என்றால் அடைத்த ஜவ்வும் அதே இரண்டு மீட்டரில் அதே விதமாக உள்ளே இழுபடும்.

காரணங்கள் சாதாரணமானவை. சளியோடு இறங்கியது. வருடம் முழுக்கத் தும்மல், தூசி அலர்ஜி. மூக்குத் தண்டு வளைவு. நாள்பட்ட சைனஸ். பலருக்கு உடம்பில் கோளாறே இருக்காது, ஈக்வலைஸ் செய்யச் சரியாகக் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள், வலி வந்த பிறகுதான் மூக்கைப் பிடித்திருப்பார்கள். டாக்டர் மூக்குக்குள்ளும் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்கட்டும். அலர்ஜி என்றால் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை வாரக்கணக்கில் ஒழுங்காக அடித்தால்தான் பலன், தும்மும் அன்று மட்டும் அடித்தால் இல்லை. வளைவு பெரிதென்றால் மூக்கைச் சரிசெய்த பிறகு காதுக்கு வருவோம் என்று சிலர் சொல்வார்கள், கேளுங்கள். உடனே மூக்கைத் திறக்கும் ஆக்சிமெட்டாசோலின் ரகச் சொட்டுகளைப் போட்டுக்கொண்டு டைவ் போகிறவர்களைப் படகில் பார்க்கலாம். நீருக்குள் இருக்கும்போதே மருந்தின் வேகம் இறங்கினால் குழாய் அடைத்துக்கொண்டு, ஏறும்போது காதுக்குள் விரிந்த காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். இறங்குவதையாவது நிறுத்தலாம், ஏறாமல் இருக்க முடியாது.

சிகரெட் பிடிப்பவர்கள் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், குழாயின் உள்சவ்வை அது வீங்கவைக்கும், ஆபரேஷன் ஒட்டுவதையும் கெடுக்கும்.

ஆபரேஷன்

மிரிங்கோபிளாஸ்டி, டிம்பனோபிளாஸ்டி என்று இரண்டு பெயர் காதில் விழும். ஜவ்வை மட்டும் ஒட்டுவது முதலாவது, நடுக்காதையும் திறந்து பார்த்து எலும்புகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து ஒட்டுவது இரண்டாவது. நடைமுறையில் இரண்டையும் கலந்தே சொல்வார்கள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோலத்தான், ஒட்டுத்துண்டு மட்டும் உங்கள் உடம்பிலிருந்தே எடுக்கப்படும். காதுக்கு மேலே பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் வெள்ளைச் சவ்வு, காது வாசலில் நீட்டிக்கொண்டிருக்கும் குருத்தெலும்பு, மிகச் சின்ன ஓட்டைக்குக் காது மடலின் கீழ்க்கொழுப்பு, இவைதான் வழக்கம்.

ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் "நான் டைவிங் போக வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பலர் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, குணமான பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒட்டுத்துண்டைத் தேர்ந்தெடுப்பதிலேயே அது மாற்றம் செய்யலாம். மெல்லிய சவ்வு ஒட்டு கேட்புக்கு நல்லது, குருத்தெலும்பு ஒட்டு உள்ளே இழுக்கும் அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கும். எது உங்கள் காதுக்கு என்பது அவர் முடிவு, ஆனால் கேள்வி உங்களிடமிருந்து வர வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: நடுக்காதில் ஒலியைக் கடத்தும் குட்டி எலும்புகளின் சங்கிலி உடைந்திருந்தால் செயற்கைத் துண்டு வைப்பீர்களா? வைத்தால் டைவிங் கதை மாறும். அந்தச் சங்கிலியின் கடைசியான ஸ்டேபீஸ் எலும்புக்குச் செய்யும் ஆபரேஷன், காதுக்குப் பின் எலும்பைக் குடைந்து பெரிய குழியாக்கும் மாஸ்டாய்டு ஆபரேஷன், இவை ஆனவர்களைப் பல டைவிங் டாக்டர்கள் திரும்ப இறங்கவே விடுவதில்லை.

செலவு பற்றி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது அன்றாடம் நடக்கும் ஆபரேஷன், அங்கே கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், வரிசையும் இருக்கும். தனியாரில் போகிறவர்கள் பாலிசியை முதலில் எடுத்துப் படியுங்கள். பல மருத்துவக் காப்பீடுகளில் காது மூக்கு தொண்டை ஆபரேஷன்களுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. சாகச விளையாட்டு விலக்கு என்ற வரியும் கண்ணில் படும், அதில் 'தொழில்முறையாக' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விடுமுறையில் ஒரு முறை இறங்கியவருக்கு அந்த விலக்கைக் காட்டி மறுக்க முடியாது. டைவிங் பயிற்சியாளராகச் சம்பளம் வாங்குபவர் என்றால் அந்த வரி உங்களுக்குத்தான்.

அன்றைக்கு என்ன நடக்கும்? மருத்துவமனையைப் பொறுத்து முழு மயக்கமோ, காதைச் சுற்றி ஊசி போட்டு மரக்கச் செய்வதோ. காதுக்குப் பின்னால் வெட்டுவார்கள் அல்லது எண்டோஸ்கோப் வழியாகக் காதுத் துளையிலேயே முடித்துவிடுவார்கள். பின்னால் வெட்டுவதாக இருந்தால் அந்த இடத்து முடியைக் கொஞ்சம் மழிப்பார்கள். ஒன்று இரண்டு மணி நேர வேலை. முடிந்ததும் ஒட்டுத்துண்டைத் தாங்கிப் பிடிக்க உள்ளே கரையும் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றிக் கட்டு. அந்தப் பஞ்சு கரையும் வரை சில வாரங்கள் காது அடைத்தேதான் இருக்கும், ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயப்படாதீர்கள். நாக்கின் ஒரு பக்கம் சில நாள் உலோகம் மாதிரி ருசிக்கலாம், சுவை நரம்பு ஒன்று ஜவ்வின் பின்னாலேயே ஓடுகிறது. மடல் மாதக்கணக்கில் மரத்திருக்கலாம். காது கேட்பது மேலும் குறைவது, முக நரம்பு பாதிப்பு ஆகியவை அரிது, ஆனாலும் கையெழுத்துப் போடும் தாளில் அவை இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு ஓட்டை மூடிவிடுகிறது. மூடாதவர்களுக்கு மறுபடி செய்யலாம்.

வீட்டுக்கு வந்த பிறகான வாரங்களில் மூக்கு சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், அடக்காதீர்கள். காய்கறி, பழம் சேர்த்துச் சாப்பிடுங்கள், முக்கிக்கொண்டு உட்காருவதும் காதில் அழுத்தம்தான். கேஸ் சிலிண்டர் தூக்குவது, ஜிம், விமானம், தலைக்குக் குளிப்பது, நீச்சல் ஒவ்வொன்றுக்கும் டாக்டர் தனித்தனித் தேதி சொல்வார், எழுதி வாங்குங்கள். மூக்கைப் பிடித்து ஊதும் பயிற்சியை அவர் சொல்லும் நாள் வரை தொடாதீர்கள். இணையத்தில் யாரோ இரண்டாவது வாரத்தில் ஊதினாராம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையாம். இருக்கட்டும்.

மறுபடி இறங்க அனுமதி

எத்தனை மாதம் என்பதில் டாக்டர்களிடையே ஒரே எண் இல்லை. மூன்று மாதம் என்பவர்கள் உண்டு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் என்பவர்கள் உண்டு, ஒருமுறை ஒட்டிய காதோடு டைவிங்கே வேண்டாம் என்று சொல்லும் சர்ஜன்களும் உண்டு. தேதியை விட, காது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துப் பேசுவது நல்லது. ஜவ்வு முழுதாக மூடி உறுதியாக இருக்க வேண்டும். நீங்கள் மெதுவாக ஈக்வலைஸ் செய்யும்போது அது அசைவதை டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஜவ்வின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி வரைபடம் சரியாக இருக்க வேண்டும், புது ஆடியோகிராம் பழையதோடு ஒப்பிட்டுத் திருப்தியாக இருக்க வேண்டும், தலைச்சுற்று அறவே இருக்கக் கூடாது. இதில் ஈக்வலைஸ் மட்டும் ஆகவில்லை என்றாலும் அனுமதி இல்லை. உங்கள் ஊர் டாக்டருக்கு டைவிங் பழக்கம் இல்லை என்றால் அதில் அவமானம் இல்லை, டைவிங் மருத்துவம் தெரிந்தவரின் கருத்தையும் சேர்த்து வாங்கலாம். 1980இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்புகளிடமும் சந்தேகம் கேட்கலாம்.

டைவிங் மையத்தில் தரும் மருத்துவப் படிவத்தில் காது நோய், காது ஆபரேஷன், கேட்புக் குறை, தள்ளாட்டம் பற்றிக் கேட்பார்கள். 'ஆம்' என்று போட்டால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள், அதனாலேயே 'இல்லை' போடச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள், சில இடங்களில் கவுன்டரில் இருப்பவரே கண்ணடிப்பார். போடாதீர்கள். உங்கள் காதைப் பற்றித் தெரிந்த பயிற்சியாளர் மெதுவாக இறக்குவார், தெரியாதவர் வழக்கமான வேகத்தில் இறக்குவார். ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.

காது அடைப்பான்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண நீச்சல் இயர்பிளக்கைப் போட்டுக்கொண்டு டைவ் போனால் அழுத்தம் அதையே உள்ளே தள்ளும், பிளக்குக்கும் ஜவ்வுக்கும் நடுவில் மாட்டிய காற்று ஜவ்வை வெளிப்பக்கம் இழுக்கும். நுண்துளை வைத்த டைவிங் பிளக், காதை மூடும் மாஸ்க் எல்லாம் விற்பனையில் இருக்கின்றன, ஓட்டைக் காதுக்கு அவை மாற்று கிடையாது.

முதல் இறக்கம் நீச்சல் குளத்தில் இருக்கட்டும். கால் கீழே, தலை மேலே, கயிற்றைப் பிடித்தபடி. நீர் மட்டத்திலேயே ஒருமுறை ஈக்வலைஸ் செய்துவிட்டு, பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை, வலிக்காகக் காத்திருக்காமல். மூக்கைப் பிடித்துக் கன்னம் உப்ப ஓங்கி ஊதுவதை விட்டுவிடுங்கள், மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்குவதும், நாக்கின் பின்புறத்தைப் பிஸ்டன் மாதிரி மேலே தள்ளிக் காற்றனுப்பும் ஃபிரென்செல் முறையும் ஒட்டிய ஜவ்வுக்கு மென்மையானவை. ஃபிரென்செல் ஒரு நாளில் வராது, டாக்டர் அனுமதித்த பிறகு வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தொண்டையில் குரல்வளை மேடு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகலாம். ஒரு காது திறந்து மறு காது திறக்காவிட்டால் திறக்காத காதை மேல்பக்கமாகச் சாய்த்து விழுங்கிப் பாருங்கள். ஆகவில்லையா, ஒரு மீட்டர் ஏறி மறுபடி. அப்போதும் ஆகவில்லை என்றால் அன்றைய டைவ் முடிந்தது, பயிற்சியாளர் முகம் சுளித்தாலும்.

குளத்தில் சிக்கல் இல்லை என்றால் கடலில் ஐந்தாறு மீட்டர், அலை குறைந்த நாளில், ஒரு நாளைக்கு ஒரே ஒரு டைவ். சளி இருந்தால் பயணச்சீட்டு வீணானாலும் இறங்காதீர்கள். முதல் சில டைவ்களுக்குப் பிறகு காதை டாக்டரிடம் ஒருமுறை காட்டி, ஜவ்வில் சிவப்போ இரத்தக் கசிவோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலியில்லாமலே அடி விழுந்திருக்கலாம். மறுபடி கிழிந்தால் மூன்றாவது வாய்ப்பைப் பற்றி யோசிக்காமல் குழாயில் மூச்சு விட்டபடி நீர்மட்டத்தில் மிதக்கும் ஸ்நார்கலுக்கு மாறிவிடுவதே என் பார்வையில் புத்திசாலித்தனம், அதிலும் தலையை மேல்மட்டத்திலேயே வைத்து, ஓட்டை ஆறிய பிறகு மட்டும். டாக்டர் கொடுத்த அனுமதித் தாள், இரண்டு ஆடியோகிராம், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், நெட்வொர்க் இல்லாத தீவில் மையத்துக்காரர் கேட்கும்போது திறக்கிற மாதிரி.